அண்ணே, தமிழ் போயிடுச்சு!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆணி அதிகம். டிசர்ட்டேஷன்ல ரெண்டாவது அத்தியாயம் இன்னும் தொங்கலா நிக்குது. படிக்கிறது சப்ளை செயின் மேனேஜ்மென்ட், எழுத உட்கார்ந்திருக்கிறது பவர் ரேஞ்சர்ஸ் பத்தி. எங்க சூப்பர்வைசருக்கு மட்டும் தமிழ் தெரிஞ்சா நான் காலி :-) கொஞ்சம் நீளமான கொசுவத்தி மக்களே. டீ எடுத்துட்டு வந்து உட்காருங்க.

நான் கிங்ஸ்பரியில ஒரு யாழ்ப்பாணத்து அக்கா வீட்டு மாடி ரூம்ல வாடகைக்கு இருக்கிறது ரெகுலரா வர்றவங்களுக்குத் தெரியும். அக்காவுக்கு ஏழு வயசுல ஒரு பையன். போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை டீ போடலாம்னு கீழ இறங்கி வந்தா, பயபுள்ள சோபாவுல தலைகீழா படுத்துக்கிட்டு டிவியில யூடியூப் பார்த்துட்டு இருக்கான். என்னன்னு பார்த்தா பவர் ரேஞ்சர்ஸ் எஸ்பிடி. அதே நீலக்கலர் நாய்த்தலை கமாண்டர். எனக்கு அப்படியே புல்லரிச்சுப் போச்சு.

சும்மா இருந்திருக்கலாம். "டேய், இதை நான் உன் வயசுல தமிழ்ல பார்த்திருக்கேன்டா"ன்னு சொல்லித் தொலைச்சேன்.

தலைகீழா இருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்துட்டான். "நோ. பவர் ரேஞ்சர்ஸ் தமிழ் கதைக்க மாட்டினம்."

"பேசுவாங்கடா. எல்லாரும் தமிழ்லதான் பேசுவாங்க. அந்த நாய்த்தலை கூட."

"பொய் சொல்லுறீங்கள் அண்ணா. காட்டுங்கோ."

அக்கா அடுப்படியில இருந்து சிரிக்கிறாங்க. "அவனுக்குத் தமிழ் எண்டா அம்மம்மாவோட ஃபோனில கதைக்கிறதும் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட ஹோம்வேர்க்கும்தான் தம்பி. ரேஞ்சர்ஸ் எங்க தமிழ் கதைக்கப் போயினம் எண்டு நினைக்கிறான்."

இதென்னடா பெரிய விஷயம், ரெண்டு நிமிஷத்துல காட்டிடலாம்னு போனை எடுத்தேன். மூணு ராத்திரி தேடினேன். அதுல தெரிஞ்சுக்கிட்டதுதான் இந்தப் பதிவு.

முதல்ல வரலாறு. நாம "ஜெட்டிக்ஸ்"னு சொல்றோமே, அது தானா முளைச்ச சேனல் இல்லை. அதோட தாத்தா பேரு ஃபாக்ஸ் கிட்ஸ். 1990 செப்டம்பர்ல அமெரிக்காவுல ஃபாக்ஸ் டிவி ஆரம்பிச்ச குழந்தைகள் நிகழ்ச்சி வரிசை. 1993 ஆகஸ்ட்ல ஹைம் சபான்ங்கிற தயாரிப்பாளர் அவங்களுக்கு ஒரு தொடர் கொடுத்தார். அவர் பண்ணின வேலை சிம்பிள். ஜப்பான்ல டோயி கம்பெனி 1975ல இருந்தே கலர் கலரா டிரெஸ் போட்ட அஞ்சு பேர் ராட்சசனோட சண்டை போடுற தொடர் எடுத்துட்டு இருந்தாங்க. முகமூடி போட்டா உள்ள யாரு இருக்கான்னு தெரியாதில்ல? அந்தச் சண்டைக் காட்சியை அப்படியே வாங்கி, முகமூடி இல்லாத காட்சிகளை மட்டும் அமெரிக்கப் பசங்களை வெச்சு எடுத்து ஒட்டினார். அதுதான் பவர் ரேஞ்சர்ஸ். நம்மூர்ல ஒரு படத்தோட ஃபைட்டை உருவி இன்னொரு படத்துல ஒட்டினா கழுவி ஊத்துவோம். அங்க அது உலகம் பூரா ஹிட்டு.

அந்த ஹிட்டைப் பிடிச்சுக்கிட்டு ஃபாக்ஸ் கிட்ஸ் ஊர் ஊரா முழுநேர சேனலாப் பரவுச்சு. இங்க இங்கிலாந்துல 1996 அக்டோபர்ல வந்துச்சு. அதோட ஐரோப்பியக் கம்பெனி 1999ல ஆம்ஸ்டர்டாம் பங்குச்சந்தையில பட்டியலாச்சு. அப்புறம் 2001ல டிஸ்னி, சபானும் ஃபாக்ஸும் சேர்ந்து வெச்சிருந்த மொத்தக் கடையையும் 500 கோடி டாலருக்கு மேல கொடுத்து வாங்கிட்டாங்க. டிஸ்னிக்கு முக்கியமா வேணும்னு இருந்தது அதுக்குள்ள இருந்த குடும்ப கேபிள் சேனல். பவர் ரேஞ்சர்ஸ், வீடு வாங்குறப்போ கூடவே வந்த கிரைண்டர் மாதிரி.

வாங்கிட்டாங்க, ஆனா டிஸ்னி சேனலுக்கு எத்தனை நாள் ஃபாக்ஸ்னு பேர் வெச்சிருக்க முடியும்? அதனால 2004 பிப்ரவரியில அமெரிக்காவுல புதுசா ஒரு பேர் வந்துச்சு. ஜெட்டிக்ஸ். என்ன அர்த்தம்னு கேட்காதீங்க. ஜெட் மாதிரி வேகமா இருக்கணும், எந்த நாட்டுப் பயலும் உச்சரிக்கணும், அவ்வளவுதான். 2005 ஜனவரியில இங்கிலாந்து சேனலும் ஜெட்டிக்ஸ் ஆச்சு. ஐரோப்பா முழுக்கப் பார்த்துக்கிட்ட ஆபீஸ் இதே லண்டன்லதான் இருந்தது. நான் தினமும் ஜூபிலி லைன்ல போற ஊருக்குள்ளதான் எங்கேயோ உட்கார்ந்து அந்த லோகோவை எல்லா நாட்டுக்கும் அனுப்பியிருக்காங்க. எட்டு வயசுல தெரிஞ்சிருந்தா லண்டனை இன்னும் மரியாதையா நினைச்சிருப்பேன்.

இனி நம்ம ஊர். 2004 டிசம்பர் 17ஆம் தேதி டிஸ்னி ரெண்டு சேனலோட இந்தியாவுக்குள்ள வந்தாங்க. ஒண்ணு டிஸ்னி சேனல், இன்னொண்ணு டூன் டிஸ்னி. இதுல டூன் டிஸ்னி ஆரம்பத்துல இருந்தே தமிழ், தெலுங்கு ஆடியோவோட வந்துச்சு. அதுக்குள்ள ஒரு பகுதியா வந்ததுதான் ஜெட்டிக்ஸ். திண்டுக்கல்ல நாங்க யாரும் டூன் டிஸ்னின்னு சொன்னதே இல்லை. அலாவுதீன் ஓடினாலும், டிமோன் பும்பா ஓடினாலும், எங்களுக்கு அது ஜெட்டிக்ஸ்தான்.

2007 ஏப்ரல்ல சுட்டி டிவி வந்துச்சு, முழுக்கத் தமிழ்ல. டோரா, ஜாக்கி சான் எல்லாம் அதுல. அதைப் பத்தி எழுதினா தனிப் பதிவு வேணும். அதுவும் அந்த ஜாக்கி சான் கார்ட்டூனுக்குத் தமிழ் பேசினவங்க காலைத் தொட்டுக் கும்பிடணும். ஆனா எங்க தெருவுல சுட்டி டிவி தங்கச்சிங்களுக்கு, ஜெட்டிக்ஸ் எங்களுக்குன்னு ஒரு வெட்டி கௌரவம் இருந்துச்சு. (தங்கச்சி தூங்கினப்புறம் டோரா பார்த்ததை யாரும் நிரூபிக்க முடியாது.)

இப்போ ஒரு டெக்னிக்கல் சமாச்சாரம், ஏன்னா கதையே இதுலதான் இருக்கு. அப்போ அனலாக் கேபிள். செயற்கைக்கோள்ல இருந்து இறங்குற சிக்னல்ல படம் ஒண்ணுதான். கூடவே ஆடியோ மட்டும் இங்கிலீஷ், தமிழ், தெலுங்குன்னு தனித்தனி வாலா வரும். இப்போ செட் டாப் பாக்ஸ் ரிமோட்ல மொழியை மாத்துறோமே, அது அப்போ வீட்டுல முடியாது. கேபிள் அண்ணன் ரூம்ல சேனலுக்கு ஒரு ரிசீவர் பெட்டி இருக்கும். அந்தப் பெட்டியில அவர் எந்த ஆடியோவை வெக்கிறாரோ, ஊருக்கே அதுதான். ஆக எங்க ஏரியாவுல பவர் ரேஞ்சர்ஸ் எந்த மொழி பேசணும்னு முடிவு பண்ணினது டிஸ்னி இல்லை, பிள்ளையார் கோவில் பக்கத்துச் சந்துல இருந்த கேபிள் அண்ணன்.

2008 ஞாபகம் இருக்கா? கரண்ட் கட். தினமும் மணிக்கணக்குல. ஒருநாள் கரண்ட் போயி வந்ததும் அந்தப் பெட்டி ரீசெட் ஆகி முதல் ஆடியோவுக்குப் போயிடுச்சு. நாங்க டிவியைப் போட்டா ரேஞ்சர்ஸ் எல்லாம் இங்கிலீஷ்ல பேசுறாங்க. எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவங்க வாயே வேற யாரோ வாய் மாதிரி இருக்கு. உண்மையில அதுதான் அவங்க சொந்த வாய்ங்கிறது எட்டு வயசுக்காரனுக்குத் தெரியுமா?

நாலு பேர் கிளம்பினோம், டவுசரோட. கேபிள் அண்ணன் வாசல்ல உட்கார்ந்து தினத்தந்தி படிச்சுட்டு இருந்தார்.

"அண்ணே, தமிழ் போயிடுச்சு!"

"எதுலடா?"

"பவர் ரேஞ்சர்ஸ்ல."

அவர் சிரிக்கலை. இதை இப்பவும் மெச்சிக்கிறேன். பேப்பரை மடிச்சு வெச்சுட்டு, ரூமைத் திறந்தார். அன்னைக்குத்தான் முதல்முறையா அந்த ரூமைப் பார்த்தேன். சுவர் முழுக்க இரும்பு ஸ்டாண்டு, அதுல அடுக்கடுக்காப் பெட்டி, ஒவ்வொண்ணுலயும் பச்சை விளக்கு. ஒரு டேபிள் ஃபேன் இருந்துச்சு, அவருக்கு இல்லை, பெட்டிகளைப் பார்த்துத் திருப்பி வெச்சிருந்தார். ஒரு பெட்டியில ரெண்டு பட்டனை அழுத்தினார். ஓரமா இருந்த குட்டி டிவியில நாய்த்தலை கமாண்டர் தமிழுக்குத் திரும்பினார். கனமான குரல், ஒவ்வொரு வார்த்தையும் அண்டாவுக்குள்ள கல்லைப் போட்ட மாதிரி.

"வந்துடுச்சாடா?"

"வந்துடுச்சுண்ணே!"

திரும்பி ஓடி வர்றதுக்குள்ள எபிசோடு முடிஞ்சு போச்சு. அது வேற விஷயம்.

இதுல ஒரு வேடிக்கை பாருங்க. எஸ்பிடி 2005ல வந்த தொடர். சண்டைக் காட்சி ஜப்பான்ல 2004ல வந்த டெக்காரேஞ்சர்ங்கிற தொடர்ல இருந்து எடுத்தது. மிச்சம் படம் பிடிச்சது நியூசிலாந்துல. பேசினது அமெரிக்க இங்கிலீஷ். அதுக்கு மேல நம்மாளுங்க தமிழை ஊத்தியிருக்காங்க. நாலு நாட்டுச் சரக்கு சேர்ந்து திண்டுக்கல்ல டெலிவரி. சப்ளை செயின்னா இது சப்ளை செயின். ஆனா இந்தச் சங்கிலியில மூணு கண்ணிக்கு ரசீது இருக்கு. கடைசிக் கண்ணிக்கு இல்லை. எபிசோடு முடியறப்போ ஓடுற பெயர்ப்பட்டியல் அமெரிக்காவுல போட்டது. அதுல தமிழ்ல பேசினவங்க பேர் எப்படி வரும்? மைக் முன்னாடி நின்னு, அந்த உதட்டசைவுக்குத் தமிழை மடக்கிப் பொருத்தின வசனகர்த்தா பேரும் இல்லை. பெரிய நடிகர்களுக்குக் குரல் கொடுக்கிறவங்களையாவது நமக்குப் பேர் தெரியும். இவங்க குரலை நான் நூறு பேருக்கு நடுவுல கண்டுபிடிப்பேன், பேர் மட்டும் கிடையாது.

சேனல் கதைக்கு வர்றேன். இனி வேகமா ஓடிடலாம், ஏன்னா இதுக்கப்புறம் பேர் மாத்துறதுதான் கதை. 2009ல டிஸ்னி ஜெட்டிக்ஸ்ங்கிற பேரைத் தூக்கி எறிஞ்சுட்டு பல ஊர்லயும் டிஸ்னி எக்ஸ்டின்னு மாத்தினாங்க. இங்கிலாந்துல ஆகஸ்ட் 31. நம்ம ஊர்ல டூன் டிஸ்னி போயி அது வந்தது நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்னிக்கு! எங்க ஸ்கூல்ல அன்னைக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்தா சேனல்ல வேற லோகோ. பவர் ரேஞ்சர்ஸையும் டிஸ்னி 2010ல சபானுக்கே திருப்பி வித்துட்டாங்க. அவர் 2018ல அதை ஹாஸ்ப்ரோ பொம்மைக் கம்பெனிக்கு வித்தார். டிஸ்னி எக்ஸ்டி 2019 ஜனவரியில மார்வெல் எச்க்யூ ஆச்சு, 2022 மார்ச்சுல சூப்பர் ஹங்காமா ஆச்சு. 2024ல டிஸ்னியோட இந்திய டிவி வியாபாரமே ரிலையன்ஸோட சேர்ந்து ஜியோஸ்டார் ஆனது. அந்தத் தேதியும் நவம்பர் 14. யாரோ பிளான் பண்ணித்தான் செய்யுறாங்களோ?

இங்கயும் அதே கதைதான். டிஸ்னி சேனல், டிஸ்னி எக்ஸ்டி, டிஸ்னி ஜூனியர் மூணையும் 2020 செப்டம்பர் 30ஆம் தேதியோட இழுத்து மூடிட்டாங்க, எல்லாரும் டிஸ்னி பிளஸ் ஆப்புக்கு வாங்கன்னு. ஐடிவியோட சிஐடிவி சேனல் 2023 செப்டம்பர்ல போயிடுச்சு. கீழ் வீட்டுச் சின்னவன் நடக்கப் பழகிட்டு இருந்தப்போ ஒண்ணு, நர்சரி போனப்போ ஒண்ணு. அவனுக்கு "சேனல்"னாலே யூடியூப்ல சப்ஸ்கிரைப் பண்றதுதான். "இந்த நேரத்துக்கு இது வரும், அதுவரைக்கும் காத்திருக்கணும்"னு சொன்னா, "ஏன்?"ங்கிறான். பதில் சொல்லத் தெரியலை.

சேனல் செத்ததுல எனக்குப் பெரிய வருத்தம் இல்லைங்க. கடை மூடும், கடை திறக்கும். சேனல் மூடினாலும் படம் எங்கேயும் போகலை. எஸ்பிடி இங்கிலீஷ்ல முழுசா இருக்கு, சின்னவன் பார்க்கிறது அதைத்தான். ஜப்பான் ஒரிஜினல் கூட டிவிடியா இருக்கு. இல்லாமப் போனது அந்த வால் மட்டும்தான், தமிழ் ஆடியோ.

மூணு ராத்திரி தேடினதுல எனக்குக் கிடைச்சது, யாரோ டிவி ஸ்க்ரீனுக்கு நேரா போனைப் பிடிச்சு எடுத்த நாலஞ்சு துண்டு. எல்லாமே மூணு நிமிஷத்துக்குக் கீழ. அதுலயும் எஸ்பிடி இல்லை. ஒவ்வொண்ணுக்குக் கீழயும் நம்ம பசங்க வரிசையா "ஃபுல் எபிசோடு இருக்கா ப்ரோ"ன்னு கேட்டு நிக்கிறாங்க. பல வருஷமா நிக்கிறாங்க.

ஏன் இப்படின்னு கொஞ்சம் நோண்டினேன். இந்தியாவுல ஒளிபரப்புற சேனலுக்கு அரசாங்க விதி ஒண்ணு இருக்கு. போட்ட நிகழ்ச்சியைப் பதிவு பண்ணி 90 நாள் வெச்சிருக்கணும். ஏதாவது புகார் வந்தா எடுத்துப் பார்க்கிறதுக்கு. 90 நாள் முடிஞ்சா அவங்க கடமை முடிஞ்சுது. யோசிச்சுப் பாருங்க, 1954ல போட்ட சட்டப்படி இந்தியாவுல ஒருத்தர் புத்தகம் போட்டா, அது அஞ்சு ரூபா ஜோசியப் புத்தகமா இருந்தாலும் சரி, கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்பணும். மாநிலம் பூரா பசங்க ஸ்கூல் விட்டு ஓடி வந்து பார்த்த ஒரு டிவி நிகழ்ச்சியோட தமிழுக்கு அப்படி ஒரு கன்னிமாரா கிடையாது. இங்கிலாந்துல 1990 ஒளிபரப்புச் சட்டத்துலயே தேசிய டிவி ஆவணக் காப்பகம்னு ஒண்ணு வேணும்னு எழுதி, பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் கையில கொடுத்திருக்காங்க. கம்பெனி தானா பாதுகாக்கும்னு நம்பலை பாருங்க.

நம்பாததுக்குக் காரணம் இருக்கு. இவங்க பட்ட அடி அப்படி. பிபிசி 1963ல ஆரம்பிச்ச டாக்டர் ஹூ தொடரை டேப்பு விலை ஜாஸ்தின்னு அழிச்சு அழிச்சு மேலயே வேற நிகழ்ச்சி பதிவு பண்ணினாங்க. 90 எபிசோடுக்கு மேல இன்னைக்கும் இல்லை. அதுல சிலது 2013ல நைஜீரியாவுல ஒரு டிவி நிலையத்து அலமாரியில இருந்து கிடைச்சப்போ இங்க பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. ஆனா எனக்குப் பிடிச்ச பகுதி அது இல்லை. காணாமப் போன அத்தனை எபிசோடுக்கும் ஆடியோ மட்டும் இருக்கு! எப்படின்னா, அந்தக் காலத்துல வீட்டுல வீடியோ கிடையாதே. அதனால சில ரசிகர்கள் டேப் ரெக்கார்டர்ல சத்தத்தை மட்டும் பிடிச்சு வெச்சிருந்தாங்க. பல வருஷம் கழிச்சு பிபிசி அந்த ஆடியோவை வாங்கி, மேல பொம்மைப்படம் வரைஞ்சு டிவிடியா வித்தாங்க.

அவங்களுக்குப் படம் போச்சு, சத்தம் இருக்கு. நமக்கு அப்படியே தலைகீழ். படம் இருக்கு, சத்தம் போச்சு. அப்போ நம்மகிட்ட டேப் ரெக்கார்டர் இல்லையா? வீட்டுக்கு வீடு இருந்துச்சு. இளையராஜா பாட்டைப் பதிஞ்சோம், கல்யாணத்தைப் பதிஞ்சோம். சாயங்காலம் வர்ற பவர் ரேஞ்சர்ஸை யாராவது பதிவானா? நாளைக்கும் வரும்னுதானே இருந்தோம்.

கிங்ஸ்பரியில இருந்துக்கிட்டு இதைச் சொல்லாம விட்டா தப்பு. எங்க வீட்டுல இருந்து பத்து நிமிஷம் நடந்தா ரோ கிரீன் பூங்கா. சாயங்காலம் குஜராத்தித் தாத்தாக்கள் வாக்கிங் போற இடம். அங்க இருக்கிற பழைய மாளிகையோட வண்டிக் கொட்டகையை டிவியைக் கண்டுபிடிச்ச ஜான் லோகி பேர்ட் வாடகைக்கு எடுத்து, 1929ல பெர்லின்ல இருந்து அனுப்பின டிவி சிக்னலை இங்க பிடிச்சார். நான் ஒரு வருஷமா அதைத் தாண்டித்தான் போயிட்டு வந்துட்டு இருந்திருக்கேன், தெரியாமலே. இந்த பேர்ட் 1927லயே டிவி படத்தைக் கிராமபோன் தட்டுல பதிஞ்சு பார்த்திருக்கார். அதைவிட, 1933ல பிபிசி ஒளிபரப்பின ஒரு நடன நிகழ்ச்சியை முகம் தெரியாத ஒரு பார்வையாளர் வீட்டுல உட்கார்ந்து அலுமினியத் தட்டுல பதிஞ்சு வெச்சிருந்தார். அந்தத் தட்டு பல வருஷம் கழிச்சுக் கிடைச்சு, டொனால்டு மெக்லீன்ங்கிற இன்ஜினியர் கம்ப்யூட்டர் வெச்சுச் சுத்தம் பண்ணி ஆடுறவங்களைத் திரும்ப ஆட வெச்சுட்டார். ஆக டிவி பிறந்ததுல இருந்தே இதுதான் வழக்கம் போல. அனுப்பினவன் வெச்சிருக்க மாட்டான், பார்த்தவன்ல எவனாவது ஒரு கிறுக்கன் வெச்சிருப்பான்.

எங்க வீட்டுல யாரு அந்தக் கிறுக்கன்னு யோசிச்சேன். பெரியப்பா பையன். 2008ல காலேஜ் சேர்ந்தப்போ நோக்கியா போன் வாங்கினான். கேமரா வந்த புதுசு, கண்ணுல பட்டதை எல்லாம் எடுப்பான். கோழி, கோவில் கொடை, வாழை மரம், பக்கத்து வீட்டு மாடு. இப்போ திருப்பூர்ல வேலை, ரெண்டு குழந்தை. ராத்திரி போனைப் போட்டேன்.

"அண்ணே, அந்த நோக்கியா மெமரி கார்டு இருக்கா?"

"பைத்தியமாடா உனக்கு? மணி என்ன இங்க தெரியுமா?"

மன்னிப்புக் கேட்டு விஷயத்தைச் சொன்னேன். "பவர் ரேஞ்சர்ஸா?"ன்னு ஒரு நிமிஷம் அமைதியா இருந்தான். அப்புறம் அந்த நாய்த்தலை கமாண்டர் குரல்லயே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டான் பாருங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு! பக்கத்துல அண்ணி எழுந்து என்னாச்சுன்னு கேட்கிறது இங்க வரைக்கும் கேட்டுச்சு.

கார்டு இல்லை. ஆனா கார்டுல இருந்ததைப் பழைய கம்ப்யூட்டருக்கு மாத்தியிருந்தான். அந்தக் கம்ப்யூட்டர் திண்டுக்கல் வீட்டுப் பரண்ல, அப்பா வேட்டி போர்த்தி வெச்சிருந்தார். அம்மா ஏணி போட வேண்டாம்னு சொல்ல, அப்பா ஏற, அது ஒரு வாரக் கதை. ஹார்ட் டிஸ்கைக் கழட்டித் திருப்பூருக்கு பஸ்ல அனுப்பி, அங்க ஒரு கடையில எடுத்துக் கொடுத்தாங்க. 214 ஃபைல். எல்லாம் 3ஜிபி வகை. (மூணு ஜிகாபைட் இல்லீங்க, அந்தக் கால போன் வீடியோவோட வகை அது. தீப்பெட்டி சைஸ்ல ஓடும்.) அதுல கோழி பதினெட்டு. பவர் ரேஞ்சர்ஸ் ஒண்ணே ஒண்ணு. ஒரு நிமிஷம் 52 நொடி.

நேத்து சாயங்காலம் சின்னவனைக் கூப்பிட்டு லேப்டாப் முன்னாடி உட்கார வெச்சேன். படம் ஒண்ணும் விளங்கலை. எங்க பழைய டிவியோட வளைஞ்ச கண்ணாடி, அதுல ஜன்னல் வெளிச்சம் அடிக்குது, நடுவுல கலர் கலரா நாலு புள்ளி ஓடுது. ஆனா சத்தம் இருக்கு. பின்னாடி குக்கர் விசில், அதுக்கும் மேல கமாண்டர் தமிழ்ல உத்தரவு போடுறார். சிவப்பு ரேஞ்சர் தமிழ்ல சரிங்கிறான்.

சின்னவன் மூச்சு விடலை. முடிஞ்சதும் திரும்பப் போடச் சொன்னான். ரெண்டாம் தடவை முடிஞ்சதும் தன் டிவியில அதே சீன் எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடிச்சான், நான் சொல்லாமலே. இங்கிலீஷ் சத்தத்தை மியூட் பண்ணிட்டு, லேப்டாப்பையும் டிவியையும் ஒண்ணா ஓட விட்டோம். முதல்ல சேரலை. மூணாவது முயற்சியில உதடும் தமிழும் ஒரு இருபது நொடி கச்சிதமாச் சேர்ந்துச்சு. அக்கா கூட அடுப்பை அணைச்சுட்டு வந்து நின்னாங்க.

நாலாவது தடவைதான் அவன் கேட்டான். "பின்னால ஆர் சத்தம் போடுறது?"

"எங்க அப்பத்தாடா."

"ஏன் கோவமா இருக்கினம்?"

"கோவம் இல்லை. கரண்ட் போறதுக்குள்ள வந்து சாப்பிடச் சொல்றாங்க."

"சாப்பிட்டீங்களோ?"

இல்லைன்னு சொன்னேன்.

டிஸ்கி 1: இதைப் படிக்கிற பதிவர்கள், உங்க அண்ணன், மாமா, சித்தப்பா யாராவது 2005ல இருந்து 2010 வரைக்கும் நோக்கியா, சோனி எரிக்சன், டிவி டியூனர் கார்டு வெச்சிருந்த கிறுக்கனா இருந்தா, தயவுசெஞ்சு பரணைப் பாருங்க. படம் தெளிவா இருக்கணும்னு அவசியமே இல்லை. சத்தம் போதும். டூன் டிஸ்னி, ஜெட்டிக்ஸ், டிஸ்னி எக்ஸ்டி எதுவானாலும் சரி. பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி 2: அந்தக் காலத்துல தமிழ் டப்பிங் ஸ்டுடியோ பக்கம் வேலை பார்த்தவங்க யாராவது இந்தப் பக்கம் வந்தா, அந்த நாய்த்தலை கமாண்டருக்குப் பேசினவர் யாருன்னு பேரை மட்டும் சொல்லிட்டுப் போங்க. கீழ் வீட்டுல ஒருத்தன் தினமும் கேட்கிறான்.